எபிசன் பூசிய அழுக்கு

புதுக்கடைப் பக்கம் வந்து எபிசன் வீடு எது என்று கேட்டால் "எந்த எபிசன்?" என்பார்கள். பிளேன் எபிசன் என்று சொன்னால் போதும், வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிற ஆண் ஒருவன் அகப்பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் அவன் சும்மா இருந்து தின்றவன் இல்லை. சவூதியில், தம்மாமில் வருடக்கணக்காகக் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன். நசுங்கி நொறுங்கி வரும் வண்டியை, அப்போதுதான் ஷோரூமிலிருந்து இறக்கியதுபோல் ஆக்கி அனுப்புவான். முதுகில் டிஸ்க் விலகி, ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாதவனாக ஊர் வந்து சேர்ந்தான். மனைவி ரெஜிலா குவைத்தில் நர்ஸ். அவள் அனுப்புவாள், இவன் ஆக்கித் தின்பான், மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அந்த நாற்காலியில்தான் ஹரிக்கேன் பிறந்தது.

இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் பறந்த போர் விமானம் அது. இவன் செய்தது அதன் பொம்மை மாதிரி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயின்ட் அடிப்பது பாதி வேலைதான். உயிரை வாங்குவது அதற்குப் பிறகு அதைப் பழசாக்குவது. அடியில் வெள்ளி நிறம், அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே, அதற்கும் மேலே பச்சையும் மண்ணிறமும். காய்ந்தபின் தண்ணீர் தொட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் பையப் பையத் தேய்த்தால், விமானி மிதித்து ஏறும் இடத்தில் பச்சை உரிந்து வெள்ளி தெரியும். புகை கக்கும் குழாய்களுக்குப் பின்னால் கரித்தூள். வயிற்றில் எண்ணெய் ஒழுகிய தடம். சக்கரங்களில் வீட்டுக் கொல்லையின் செம்மண்ணைத் துணியில் சலித்துத் தடவினான். குண்டு பாய்ந்த ஓட்டைகளைச் சுட்ட ஊசியால் போட்டான். பழசைப் புதுசாக்கிப் பிழைத்தவன், இப்போது புதுசைப் பழசாக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கறைக்கும் ஒரு போட்டோ எடுத்து ரெஜிலாவுக்கு அனுப்புவான். அவளும் டியூட்டிக்கு நடுவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைப் பதிலாகப் போடுவாள்.

சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று அவரவர் உழைப்பின் முதல் பலனைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். நாடு திரும்பியதிலிருந்து எபிசன் கையில் விளைந்தது அந்த விமானம் ஒன்றுதான். அதைக் காணிக்கையாக வைக்கவேண்டும், சபையார் ஆளுக்கொரு விலை சொல்லவேண்டும், அதை ரெஜிலா பார்க்கவேண்டும். என் மாப்பிள்ளையும் ஒரு வேலைக்காரன்தான் என்று ஒருதடவையாவது அவள் நினைக்கவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. கோயில் ஆராதனையும் ஏலமும் யூடியூபில் நேரலையாகப் போகும். "லைவ் பாரு, கட்டாயம் பாரு" என்று சொல்லிவைத்தான். அவளும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள்.

காணிக்கைகளை அடுக்கும் பொறுப்பு பெண்கள் ஐக்கியத்தின் நேசபாய் டீச்சருக்கு. எபிசன் விமானத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் டீச்சர் அதைக் குனிந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஒடஞ்சு ஓட்ட விழுந்த சாமானத்தையா கர்த்தருக்குக் கொண்டு வாறது? ஊனமுள்ளத படைக்கப்பிடாதுண்ணு வேதத்துல படிக்கேல்லியா?"

டீச்சர் வேதத்தைக் கரைத்துக் குடித்தவள். கையோடு அதைத் தூக்கி, குடைகள் கிடந்த மூலையில் வைத்துவிட்டாள். எபிசன் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஜெபம் தொடங்கிவிட்டது. சரி, ஏலத்துக்கு எப்படியும் எடுப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

எடுத்தார்கள். எடுத்தவன் சபைச் செயலாளர் அபிலாஷ், ரெஜிலாவின் கூடப்பிறந்த அண்ணன். அதற்குச் சற்று முன்னால்தான் ஒரே ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் மல்லுக்கட்டி விலையை மோட்டுவளைவரை ஏற்றியிருந்தன. அந்தக் குஷியிலேயே அபிலாஷ் ஹரிக்கேனை இறக்கையைப் பிடித்துத் தூக்கினான். மூக்கிலிருந்த காற்றாடிச் சுழலி முறிந்து கீழே விழுந்தது.

"நம்ம மாப்ள ரெண்டு வருஷம் இருந்து உண்டாக்குனதாம்" என்றான் மைக்கில். "உண்டாக்குனாரா, குப்பையில கெடந்து பெறக்குனாரான்னு எனக்குத் தெரியாது. ஆருக்கு வேணும்?"

கோயிலே சிரித்தது. பாவி, அந்த வீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அது உருவானதைக் கண்ணால் பார்த்தவன் அவன்!

எபிசன் எழுந்தான். முதுகு வலித்தது. "மச்சான், அது அழுக்கில்ல. நான் பூசுனது."

"அழுக்க ஆராவது மினக்கெட்டு பூசுவானா மாப்ள?"

இந்தமுறை போதகரும் சிரித்துவிட்டார். விலை கேட்க ஒரு வாய் திறக்கவில்லை. "செரி, எனக்க தங்கச்சிக்க காசுல வந்த சாமானம், தங்கச்சி வீட்டுக்கே போட்டும்" என்று சொல்லி, அபிலாஷ் அதை எல்லார் முன்னாலும் எபிசன் கையில் திணித்தான். அடுத்து ஒரு சேவல் ஏலத்துக்கு வந்தது. சபையாருக்கு விமானம் மறந்தே போயிற்று.

எபிசன் கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்று, முறிந்த சுழலியைச் சட்டைப்பையில் போடும்போது போன் அடித்தது. ரெஜிலா. திரையில் அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாள். எனக்காக அழுதிருக்கிறாள் என்று எபிசனின் நெஞ்சு அந்த நிலையிலும் நிறைந்துபோயிற்று. அண்ணனை நாலு வார்த்தை கேட்கத்தான் கூப்பிடுகிறாள், பாவம், போகட்டும் விடு என்று சொல்லிவிடலாம் என நினைத்தான்.

"எனக்க கூட வேல செய்யுத பிள்ளியள எல்லாம் கூப்பிட்டு இருத்தி வச்சிட்டுப் பாத்தேன்" என்றாள் ரெஜிலா. குரல் உடைந்தது. "மானம் போச்சு. கோயிலுக்குக் கொண்டு போறதுக்கு முன்ன ஒருக்கா கழுவியாவது கொண்டு போயிருக்கப்பிடாதா?"

எபிசன் வாயைத் திறந்தான். கரித்தூள், எண்ணெய்த் தடம், சலித்த செம்மண் என்று எல்லாம் நாக்குவரை வந்தது.

"மறந்துட்டேன்" என்றான்.