இனிஷியல் மாறிய பெண்களைத் தேடிய ஸ்டெல்லாம்மா

செய்தி வந்தபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வெள்ளைத் துணியில் சாம்பல் விழும். அதனால் காய்ந்ததும் காயாததுமாக எடுத்துவிடுவது திருவொற்றியூரில் எங்கள் வழக்கம். பைண்டிங் கடை முதலாளியின் மகள் கௌரி கீழ் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். "தனம்மா, லைப்ரரி ஸ்டெல்லாம்மா போயிட்டாங்க. காலையில காபி கேட்டாங்களாம், கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள..." என்றாள். சரி என்று போனை வைத்துவிட்டு மேலே ஏறிப் போய் மிச்சத் துணியையும் எடுத்து, எல்லாவற்றையும் மடித்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

நூலகத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும், ராயபுரத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் நடந்தது எதையும் மறந்தவள் இல்லை. நல்லதையும் மறக்கவில்லை, மற்றதையும் மறக்கவில்லை.

எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. ராயபுரத்தில் நான் வேலை செய்த பைண்டிங் கடைக்கு வருடக் கடைசியில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்து நூலகத்திலிருந்து பத்திரிகைகள் சாக்கு சாக்காக வரும். இதழ்களை மாத வரிசையில் அடுக்கித் தைப்பது என் வேலை. ஒரு நாள் ஸ்டெல்லாம்மா தைத்த புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். வெளுத்த கைத்தறிப் புடவை, ஆண்பிள்ளை வாட்ச். கடைசிப் பக்கத்தின் அடிவரி ஓரம் வெட்டும்போது போய்விட்டதாம். "நீங்க வெட்டினது பேப்பர் இல்ல, ஒருத்தரோட பேரு" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார். ஓரம் வெட்டுகிறவன் வேறு ஆள். அது மட்டுமில்லை, பச்சை அட்டை போட்ட ஜூலை மாத இதழ் அது. வரும்போதே கீழ் ஓரம் கிழிந்துதான் வந்தது. அதை அப்படியே சொன்னேன். நம்பாமல் போனவர், நூலகத்தில் விசாரித்துவிட்டு மறுவாரம் வந்து, அதே கடையில், அதே ஆட்கள் முன்னால், "தனம் சொன்னதுதான் சரி" என்றார். இருந்தும் ஆறு மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தார், பேசினார், போனார்.

பிறகு ஒரு நாள், ஞாபகம் உள்ள ஆள் வேண்டும், சனிக்கிழமை மத்தியானங்களில் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். மாதா கோயில் தெருவில் மாடி வீடு. அப்பாவுக்குப் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா போன பிறகு கடையைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டு, இவர் புத்தகங்களோடு தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். தலைமை நூலகர் பதவி காலியாகப் போகிறது, பட்டம் கையில் இருந்தால் அது அவருக்கு வரும். இது ஊரறிந்த விஷயம்.

எழுதியது கதிரியக்க வேதியியலைப் பற்றி. அந்த வேதியியலை அவர் செய்யவில்லை. செய்தவர்கள் எழுதிய கட்டுரைகளை எண்ணினார். நம் நாட்டிலிருந்து யார் யார் எழுதினார்கள், எந்த வருடம் எதைப் பற்றி எழுதினார்கள், அதை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள் என்பதுதான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து தடித்தடியாக அட்டவணைப் புத்தகங்கள் வரும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கட்டுரைக்கு ஒரு அட்டை எழுதுவார். புடவைப் பெட்டிகளில் அட்டைகள் நிரம்பிக் கிடக்கும். நான் அவற்றை ஆள்வாரியாக அடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படமாகத் தெரியும், அது போதும் என்றார். எதற்கம்மா இந்த எண்ணிக்கை என்று முதல் நாளே கேட்டேன். அவர் சொன்னது இது: "ஒருத்தர் இன்னொருத்தர் பேரைச் சொன்னா, இதை நான் உங்கிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன்னு ஒத்துக்கறார்னு அர்த்தம். உலகத்துல அது ரொம்பக் கம்மியா நடக்குது தனம். நடக்கற இடத்தையாவது எண்ணி வைப்போம்."

மூன்றாவது வாரத்திலேயே ஒருவரைப் பிடித்துவிட்டேன். ஒரு பெரிய மனிதருக்கு அட்டை கொழுத்துக்கொண்டே போனது. பார்த்தால் அவரை எடுத்துக்காட்டியவர்களில் பாதி அவரே.

"இன்னாமா இது, இந்த ஆளு தன் பேரைத் தானே சொல்லிகினு கீறாரு? இதுவும் கணக்கா?"

ஸ்டெல்லாம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதற்கும் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதைத் தனியே கழிக்க வேண்டும் என்றார். கழிக்கும் அட்டைகளை ரோஸ் நிறத்தில் வைத்தோம். அந்தப் பெட்டிக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அட்டைக் கட்டுகளின் உயரத்திலேயே காலம் மாறுவது தெரிந்தது. பழைய வருடங்களில் யுரேனியத்தையும் தோரியத்தையும் பிரித்தெடுக்கும் கட்டுதான் பெரியது. போகப் போக அது குட்டையாகி, ஆஸ்பத்திரி மருந்துக் கட்டு வளர்ந்தது. அதற்குப் பக்கத்தில் கடல் மணல், மீன், நிலக்கரிச் சாம்பல் என்று இன்னொரு கட்டு வளர்ந்தது. சாம்பலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். "உங்க வீட்டு மாடிக்கு வந்தா ஒரு கட்டுரைக்குத் தேறும்" என்றார்.

அந்தச் சாம்பல் கட்டில்தான் விஷயம் வெளிப்பட்டது. எஸ். வசந்தா என்று ஒரு பெண், ஐந்தாறு வருடம் சாம்பலைப் பற்றியே எழுதியிருக்கிறார். திடீரென்று நின்றுவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஆர். வசந்தா என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். அதே சாம்பல், கூட எழுதுகிறவரும் அதே ஆள். ஸ்டெல்லாம்மா இருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தார். இருவருமே அதிகம் எடுத்துக்காட்டப்பட்டவர்கள் பட்டியலுக்குள் வரவில்லை. நான் இரண்டு கட்டையும் அவர் மடியில் வைத்தேன்.

"யம்மா, இது ரெண்டு பொம்பள இல்ல. ஒருத்திதான். நடுவுல கண்ணாலம் ஆயிருக்கு."

"எப்படிச் சொல்றே?"

"என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல மு. தனலட்சுமி, எங்க நைனா எழுத்து. ரேஷன் கார்டுல கோ. தனலட்சுமி. நான் ஒருத்திதான கீறேன்?"

ஸ்டெல்லாம்மா இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் பெயருக்கு முன்னால் பிறந்ததிலிருந்து ஒரே எழுத்து. அப்பா எழுத்தோடு பள்ளிக்கூடம் போனார், அதே எழுத்தோடு வேலைக்குப் போனார். கட்டிக்கொண்டவளுக்கு அது மாறும் என்பது தெரியாத விஷயமில்லை. கணக்குப் போடும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு எழுந்து போய் எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, பெண்கள் பெயரை மட்டும் தனியே எடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் இப்படிச் சந்தேகப்படும்படியான ஜோடிகள் ஒரு கைப்பிடி சேர்ந்துவிட்டன.

இதில் ஒரு சங்கடம். ஆய்வேடு தட்டச்சாகி முடிந்திருந்தது. பத்து நாளில் கொடுத்தால் பதவிக்கான நேர்முகத்துக்கு முன்பே பட்டம் கைக்கு வந்துவிடும். திருத்தப் போனால் பட்டியல் எல்லாம் மாறும், முதலிலிருந்து தட்ட வேண்டும், பதவி கை நழுவும். நெறியாளரைப் பார்க்கப் போனார். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நெறியாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். ஸ்டெல்லாம்மாவிடம், "வெளிநாட்டு அட்டவணையில ரெண்டு பேர்னா நமக்கும் ரெண்டு பேர்தான். உங்க வேலை எண்றது. விசாரணை பண்றது இல்ல" என்றார்.

"ஆள் யாருன்னே தெரியாம எதை சார் எண்றது?" என்றார் இவர். குரலை உயர்த்தவில்லை. பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் நான்தான் மன்றாடினேன். முதலில் பட்டத்தை வாங்குங்கள், பதவியை வாங்குங்கள், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. அந்த ஒரு மணி நேரமும் நான் பேசினேன், அவர் கேட்டார். கடைசியில், "அந்தப் பொண்ணோட பாதி உழைப்பை யாரோ ஒரு ஆர். வசந்தாவுக்குக் கொடுத்துட்டு, அதை வச்சு நான் நாற்காலியில உட்காரணுமா?" என்றார்.

எங்களுக்குச் சந்தேகம் வந்த ஒவ்வொருவருக்கும் ஸ்டெல்லாம்மா கடிதம் எழுதினார். உங்கள் பெயருக்கு முன்னால் எழுத்து மாறியதுண்டா, மாறியிருந்தால் எப்போது என்று இரண்டே வரி, பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறை. பாதிப் பேர் ஆய்வகம் மாறிப் போயிருந்தார்கள். கடிதம் ஊர் சுற்றித் திரும்பி வந்தது, மறுபடி விசாரித்து அனுப்பினார். ஒரு ஜோடியில் என் கணிப்பு தப்பு. நிச்சயமாக ஒருத்திதான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகப் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் கோபமாக. ஸ்டெல்லாம்மா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, "நமக்குத் தோணினா மட்டும் போதாது தனம், கேட்கணும்" என்றார்.

வசந்தாவின் பதில் மீஞ்சூருக்கு அப்பால் ஏதோ ஒரு ஊரின் முத்திரையோடு வந்தது. ஸ்டெல்லாம்மா வாசிக்க நான் கேட்டேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, இரண்டு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பியதாகவும், அதற்கு முன் செய்தது எதுவும் தன் கணக்கில் வராமலே போனதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியை ஸ்டெல்லாம்மா இரண்டு முறை வாசித்தார்: "அது நீங்கள்தானா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

புதிய பட்டியலில் வசந்தா மேல் வரிசைக்கு வந்தார். அவர் மட்டுமில்லை, இன்னும் சிலர் வந்தார்கள். அதற்குள் நேர்முகம் முடிந்து, ஸ்டெல்லாம்மாவுக்குக் கீழே வேலை பார்த்தவர் தலைமை நூலகராகிவிட்டார். அவர் பெயரை நான் எழுத மாட்டேன். பெயர் சொல்வது ஒரு மரியாதை; அதை என்னிடம் அவர் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டெல்லாம்மா ஓய்வு பெறும் வரை அவருக்குக் கீழே, அதே மேசையில் வேலை செய்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான் சுளித்தேன்.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில், எதை யாரிடமிருந்து தெரிந்துகொண்டோம் என்று வரிசையாகப் போடுவார்கள். பெரிய பெரிய வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் என் பெயரைப் போடப் போவதாகச் சொன்னார். நெறியாளர் அதை அடித்து, வேண்டுமானால் முன்பக்கத்தில் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள் என்றாராம். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. தைத்ததற்கும் அடுக்கியதற்கும் நன்றி சொல்லலாம், சொல்லிக் கொடுத்ததற்கு இங்கேதான் பெயர் வர வேண்டும் என்று திரும்பப் போட்டார். எந்த எழுத்து போடட்டும் என்று என்னைக் கேட்டார்.

"கட்டிக்கினவன் எழுத்து வோணாம்மா. எங்க நைனா எழுத்தைப் போடு."

வாய்மொழித் தேர்வுக்கு என்னையும் வரச் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் பக்கத்தைப் புரட்டி, இந்த மு. தனலட்சுமி எந்த நிறுவனம் என்று கேட்டார். "ராயபுரத்துல பைண்டிங் கடை சார். பின்னாடி உட்கார்ந்திருக்காங்க" என்றார் ஸ்டெல்லாம்மா. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நெறியாளர் மட்டும் திரும்பவில்லை. அந்தப் பேராசிரியர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். நானும் எழுந்து வைத்தேன். என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை பேர் பார்த்ததில்லை.

காசிமேட்டுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்த மறுவாரம் நூலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நான் பெயர் எழுத மறுத்த அந்தப் பழைய தலைமை நூலகர் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார், பொறுமை என்றார், கடமை என்றார். பிறகு, பெண் விஞ்ஞானிகளின் இனிஷியல் மாறுவதால் மேற்கோள் கணக்கு சிதறிப்போவதை எங்கள் நூலகம் அன்றைக்கே கண்டுபிடித்தது, இன்று பல இடங்களில் அதைப் பின்பற்றுகிறார்கள் என்றார். நூலகம் கண்டுபிடித்ததாம். கௌரி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், கட்டடம் கண்டுபிடிக்காது. கண்டுபிடிச்சவங்க பேரைச் சொல்லுங்க."

கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அவர் சொன்னார். தன் பதவியை விட்டுக்கொடுத்து அதைச் செய்தவர் ஸ்டெல்லா மேரி என்று, அவர் அப்பா எழுத்தோடு முழுப் பெயரையும் சொன்னார். என் பெயரையும் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்க இல்லை.

ஸ்டெல்லாம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். வாய் எனக்கு முன்பே இருந்தது. அதை யாருக்காகத் திறக்க வேண்டும் என்பது அவரிடம் கற்றது.