பாட்டு நின்ற நாற்பது நொடி

போன ஞாயிற்றுக்கிழமை விமான் நகரில் ஒரு தோழி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். "எங்க ஆபீஸ் எடிட்டர் இருக்கானே, சரியான சோம்—" என்ற இடத்தில் தலைக்கு மேல் ஒரு போர் விமானம் உறுமிக்கொண்டு போனது. சத்தம் அடங்கியதும் "—பேறி" என்று முடித்தேன். தோழியின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டி ஹேங் ஆயிட்டாங்க!"

என்ன செய்வது, விமானத் தளத்தை ஒட்டிய லோஹேகாவ் வளர்ப்பு அப்படி. அப்பாவுக்கு விமானப்படையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களுக்கு ஓடுபாதை பக்கத்தில் குவார்ட்டர்ஸ். விமானம் கிளம்பினால் ஜன்னலும் தம்ளரும் சேர்ந்து நடுங்கும். கத்திப் பேசியும் பயனில்லை என்பதால் காலனிக்கே ஒரு பழக்கம் இருந்தது. சொல் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் அதே இடத்தில் தொடர்வோம். வெங்காயம், உருளைக்கிழங்கு கூவி விற்கும் வண்டிக்காரர்கூட "காந்தா ப—" என்று நின்று, பிறகு "—டாடா" என்பார். அப்பா என்னைத் திட்டும்போது தூக்கிய விரலோடு அப்படியே நிற்பார். அந்த இடைவெளியில் கோபம் ஆறியிருக்கும் என்று பார்த்தால், ம்ஹூம், விட்ட வசவிலிருந்தே ஆரம்பிப்பார்.

இந்த லட்சணத்தில் நான் பல்கலைக்கழகத்தில் எடுத்தது ஒலித் தொழில்நுட்பம். "மைக் செட் கட்டுததுக்கா காலேசுக்குப் போறா?" என்று ஊரில் சித்தப்பா கேட்டார். ஸ்டுடியோவில் ஏசியும் சுவர்ப்பஞ்சும் கலந்த ஒரு வாசனை. கதவைச் சாத்தினால் அப்படியொரு அமைதி. முதல் நாள் அந்த அமைதியில் என் வயிறு பசியில் போட்ட சத்தம் மைக்கில் கணீரென்று பதிந்து, வகுப்பே கேட்டது. அன்றே அந்தப் படிப்பின் மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது.

கடைசி செமஸ்டரில்தான் மாட்டிக்கொண்டேன். அவரவர் வீட்டிலேயே ஒரு குரலைப் பதிவு செய்ய வேண்டும். வெளிச்சத்தம் கூடாது. வெட்டி ஒட்டலாம், ஆனால் வெட்டிய இடம் காதில் விழக்கூடாது. நான் முதலில் கொடுத்ததில் பாதி விமானம். புரொபசர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை திரும்பினால் ஒரு வருஷம் போச்சு. பாட்டு அம்மாவுடையது, கல்யாண வீடுகளில் பாடும் ஊஞ்சல் பாட்டு. மைக்கைப் பார்த்தாலே அவளுக்கு வெட்கம். "ஒருதரந்தான் பாடுவேன் பாத்துக்கோ. தொண்ட கட்டியிருக்கு."

"ஞாயித்துக்கிழம காலைல ஒரு பிளேனும் பறக்காது. நான் சொல்லுதேன்லா" என்றார் அப்பா. விமானப்படைக்காரரே சொன்ன பிறகு என்ன சந்தேகம்? மின்விசிறியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி குக்கரையே இறக்கிவைத்தாள். அம்மா கண்ணை மூடிப் பாடினாள். அடடா, என்ன குரல்! 'மாலை' என்ற சொல்லில் 'மா' வரைக்கும் வந்தாள். வந்தது பாருங்கள் விமானம்.

அம்மா பழக்க தோஷத்தில் நிறுத்தினாள். அப்பா திருடன் மாதிரி முழித்தார். சத்தம் தேய்ந்ததும் அம்மா, "நல்லாச் சொன்னீயளே!" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி, நான் ஸ்டோர்ஸ்லல்லா இருக்கேன்" என்றார் அப்பா. நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அம்மாவும் சிரித்தாள், செருமிக்கொண்டாள், பிறகு எதுவுமே நடக்காதது போல "—லை" என்று தொடர்ந்து பாட்டை முடித்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் நடுவிலிருந்த நாற்பது நொடியை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சுருதி இம்மி பிசகவில்லை. புரொபசர் மூன்று முறை கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கட் கிதர் ஹை?" என்றார். வெட்டு எங்கே என்று அவரே என்னிடம் கேட்கிறார்! வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அன்று மாலை வீட்டில் பால் பாயசம். அந்த மதிப்பெண்ணில் பாதி தன்னால்தான் என்று அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார்.

அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது நாங்கள் இருப்பது விமானச் சத்தம் எட்டாத வாகடில், பதினொன்றாம் மாடி. ஜன்னலைச் சாத்தினால் ஸ்டுடியோ தோற்றது. அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் நிறுத்துவதே இல்லை.

தோழி வீட்டிலிருந்து வந்ததும் அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். பாட்டு மட்டும்தான் இருக்கிறது. விமானமும் அப்பாவின் அசட்டுக் குரலும் அம்மாவின் சிரிப்பும் இருந்த மூலப்பதிவை, டிஸ்க்கில் இடமில்லை என்று பரீட்சை முடிந்த கையோடு நானே அழித்திருக்கிறேன். 'மாலை' வரும் இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்திக் கேட்டேன். ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. படுபாவி, அவ்வளவு நன்றாக வெட்டியிருக்கிறேன்.