சில்லு வைத்த வீடு

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் நாரந்தனையில். பிறந்த ஊர் எழுவைதீவு. இரண்டுக்கும் நடுவில் கடல் அதிகமில்லை. ஆனால் அதைக் கடக்க வள்ளம் வேண்டும், வள்ளம் வரக் காற்று விட வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன்.

நல்ல மனிதர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் தருவார்கள். கிணற்றடிக்கு மட்டும் நான் போகக் கூடாது. அப்படி யாரும் வாயால் சொல்லவில்லை. வந்த அன்று நான் வாளியோடு போனபோது வீட்டுக்கார அம்மா விறுக்கென்று வந்தா.

"நீர் ஏன் ரீச்சர் கஷ்டப்படுறீர்? இவர் அள்ளி ஊத்துவார். வாளியை உதில வையும்."

வைத்தேன். அவவுடைய புருஷன் தண்ணீர் அள்ளி, தன் வாளி என் வாளியில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். மீன் பிடிக்கிறவர்களின் மகள் தங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது என்பதை அந்த உயரமே சொல்லியது. அவர்களுடைய மகனுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

நான் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அம்மாவை அங்கே கூட்டி வர முடியாது என்பதுதான் என்னை வருத்தியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. அம்மாவும் தன் வீட்டை எனக்கென்றுதான் வைத்திருந்தா. அப்பா கடலோடு போன பிறகு, என்னை ஊர்காவற்றுறையில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க அதை விற்றா. எங்கள் குடும்பத்தில் பெருவிரல் வைக்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் வீட்டை விற்ற அம்மா அண்ணையோடு போய் இருக்க வேண்டி வந்தது. அது அண்ணிக்குச் சீதனமாக வந்த வீடு. குசினியை ஒட்டிச் சாய்த்து இறக்கிய பத்தியில் அம்மா பாய் விரித்தா. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தப் பாயைப் பார்த்துவிட்டு நான் கேட்பேன்: "என்னோட வந்து இருங்கோவன்."

"உனக்கெண்டு ஒரு வீடு வரட்டும் பிள்ளை. வந்து இருக்கிறன்."

நாரந்தனையில் எனக்குக் காணி விற்க ஆளில்லை. என்னோடு படிப்பித்து, கலியாணம் செய்து யாழ்ப்பாணம் போன ஒருத்தி மட்டும் தன் வெறும் வளவில் இருக்கச் சொன்னாள். அங்கே ஒரு கிணறும் இருந்தது. கொஞ்சம் உவர்த் தண்ணீர், ஆனால் யாரையும் கேட்காமல் அள்ளலாம். அவளுடைய தகப்பன் ஒரு நிபந்தனை போட்டார்: வளவுக்குள் கல் வைத்து எதுவும் கட்டக் கூடாது.

கட்டாமல் வீடு வருவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் காரைநகரில் ஒரு வான் விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். நில அளவையாளர் ஒருவர் காடுகளில் தங்கி வேலை செய்வதற்காகத் தன் கையாலேயே வீடு போல ஒழுங்குபடுத்திய வான். ஓய்வுபெற்று, பிள்ளைகளிடம் வெளிநாடு போக நின்றார். பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டையான மிதவையில் ஏறிக் காரைநகருக்குப் போனேன்.

வான் பூவரச மரத்தடியில் இலைச் சருகு மூடி நின்றது. உள்ளே இரண்டு பக்கமும் படுக்கப் பலகை. நடுவில் ஒரு ஆள் திரும்ப இடம். மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கத் தகரம் அடித்த தட்டு. அதற்கு மேலே கண்ணாடிக் கதவுள்ள சின்ன அலுமாரி. யன்னல்களுக்கு நுளம்பு வலை. இந்தப் பலகையில் அம்மா, அந்தப் பலகையில் நான் என்று பார்த்த உடனேயே பங்கு பிரித்துவிட்டேன்.

"ஆருக்குப் பிள்ளை வான்? தமையனுக்கோ?"

"எனக்குத்தான்."

"நீர் ஓட்டுவீரோ?"

"இல்லை. இருப்பன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டு என்னைத் திரும்பப் பார்த்தார். "நான் இதில இருந்த காலத்தில மனுசி ஒரு நாளும் வந்து தங்கேல்லை. யானைக்குப் பயமில்லையாம், இதுக்குள்ள சமைக்கத்தான் பயமாம்."

சேமிப்பையும் கட்டிவந்த சீட்டையும் சேர்த்து அதை வாங்கினேன். ஊர்காவற்றுறைத் துறையடியில் கராச் வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணை அதைப் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து வளவில் விட்டார். பிறகு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முதுகு மண்ணோடு எழும்பினார்.

"உண்மையைச் சொல்லட்டோ ரீச்சர்? எஞ்சின் நல்லம். மிச்சத்தை எல்லாம் கறள்தான் பிடிச்சு வைச்சிருக்கு. கறளைச் சுரண்டினா வான் விழுந்திடும்."

"விழாமல் சுரண்டுவம் அண்ணை."

"பிறேக்கும் இல்லை."

"நிக்கிற வானுக்குப் பிறேக் ஏன்?"

"நிக்கிறதுக்கும் பிறேக் வேணும் ரீச்சர்."

அவர் சனிக்கிழமைகளில் வந்து அடித்தட்டை வெட்டிப் புதுத் தகரம் ஒட்டினார், பிறேக்கையும் சரிப்படுத்தினார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே அந்தத் துருக் கறளைச் சுரண்டினேன். சோளகக் காற்று கறள் தூளை என் கண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. கூரையில் ஒழுக்கு இருந்தது. அதற்குத் தார் பூசலாம் என்றார் அவர். நான் பஞ்சைத் திரித்துப் பொருத்துகளில் இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினேன். அப்பா வள்ளத்துக்குச் செய்வதைச் சின்னனில் பார்த்திருக்கிறேன். "இனி இதைக் கடலில விடலாம்" என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கூரை ஒரு நாளும் ஒழுகவில்லை.

கூடப் படிப்பித்த சேர் ஒருவர் ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "மாப்பிள்ளை வானில வருவார் எண்டுதான் கேள்வி. ரீச்சருக்கு வான் தனிய வந்திட்டுது."

"வானுக்குக் காத்துப் போனா ஒட்டலாம் சேர்" என்றேன். அவர் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை. எந்தக் கதையும் எடுக்கவில்லை என்பதுதான் சரி.

வேலை முடிய முன்பே பின்னறையைக் காலி செய்துவிட்டு வானுக்கு வந்துவிட்டேன். தெருவால் போகிறவர்கள் வேலியடியில் சைக்கிளை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்தவர்கள் இல்லை. தனியப் பெண், அதுவும் வானுக்குள். யாரும் கேட்க முன்பே நான் முந்திக்கொண்டு சொல்லுவேன்: "அம்மா வந்து இருக்கப் போறா." பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திய வாய் வளவுப் படலையைத் திறந்ததும் மூடிக்கொள்ளும். சில ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சொல்லும் பேசாமலே முடிந்துவிடும். திங்கட்கிழமை இடாப்பில் பேர் கூப்பிடத் தொடங்கும்போது தொண்டை கரகரக்கும்.

அம்மாவின் பலகைக்குப் பஞ்சு மெத்தை தைத்தேன். ஏற வசதியாக ஒரு மரப்படி செய்வித்தேன். பூச்சு நீலமா பச்சையா என்று கேட்டு அனுப்பினேன். "எதெண்டாலும் நல்லம்" என்று வள்ளக்காரரிடம் பதில் வந்தது. நீலம் பூசினேன்.

ஆவணியில் நாள் பார்த்தோம். வீடு என்றால் குடிபுகப் பால் காய்ச்ச வேண்டும், வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். வகுப்பில் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் அம்மா நம்புவா. மெக்கானிக் அண்ணை வானை முன்னும் பின்னும் உருட்டி, கதவு சரியாகக் கிழக்கே பார்க்க நிறுத்தித் தந்தார். வாடைக் காற்றோடு வரும் மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அன்று அம்மா காலை வள்ளத்தில் வந்தா. புதுச்சேலை. கையில் ஒரு செம்பும் குத்துவிளக்கும். அண்ணி வரவில்லை, அண்ணை கடலுக்குப் போயிருந்தார். அம்மா வானைச் சுற்றி நடந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தா. மெத்தையில் கையை வைத்து அமத்தினா.

"பஞ்சு போலயே இருக்கு."

"பஞ்சுதானம்மா."

சுபநேரம் மிகவும் கொஞ்சம். அந்த நேரத்துக்குள் முடித்துவிட வேண்டுமென்று அம்மாவிடம் சொன்னேன். மெக்கானிக் அண்ணையிடமும் அதையே சொன்னேன். "ஓம் ஓம், எனக்குத் தெரியாதே?" என்றார். அவர் எதைத் தெரியும் என்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா உள்ளே அடுப்பை மூட்டிப் பால் பானையை வைத்தா. நான் படியில் நின்று கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பால் நுரைத்து விளிம்புக்கு வரும் நேரம். அது கிழக்கே பொங்கி வழிந்தால் வீட்டுக்கு நல்லது. அம்மா கை கூப்பிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றா.

அதே நேரம் வெளியே மெக்கானிக் அண்ணை தன் கடமையைச் செய்தார். புது வாகனம் என்றால் நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, அது நசியும்படி வாகனத்தை ஒரு உருட்டு உருட்ட வேண்டும். பழுது பார்த்து முடித்த எல்லா வாகனத்துக்கும் அவர் அப்படித்தான் செய்வார். நேரம் தொடங்கியதும் தேசிக்காயை வைத்தார், பிறேக்கை எடுத்தார், தன் தம்பியாரையும் கூப்பிட்டுப் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்.

வீடு நகர்ந்தது.

நான் படியோடு விழுந்தேன். உள்ளே பானை சரிந்து, பால் மேற்கே ஊற்றுண்டு அடுப்பு அணைந்தது. சில்லுகளின் கீழ் தேசிக்காய்கள் நசிந்த சத்தம் கேட்டது.

"வடிவா நசிஞ்சிட்டுது ரீச்சர், இனிக் கண்ணூறு கிட்ட வராது" என்று சொல்லிக்கொண்டு அவர் சந்தோசமாக முன்பக்கம் வந்தார். என் முகத்தைக் கண்டுவிட்டு நின்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "பாலும் காய்ச்சினீங்களோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அம்மா வெளியே இறங்கினா. கையில் சூடு படவில்லை. சேலை நுனியைப் பிழிந்துகொண்டு அவருக்குச் சொன்னா: "பறவாயில்லைத் தம்பி. உங்கட முறையை நீங்கள் செய்தனீங்கள்." பிறகு என்னிடம்: "நல்ல வான் பிள்ளை."

வான் என்று சொன்னா. காலையில் வந்து இறங்கியதிலிருந்து அதை வீடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா.

இரவு தங்குவா என்று சமைக்க எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பின்னேர வள்ளத்துக்கே போக வேண்டும் என்றா. துறையடியில் நின்று சொன்னா: "நல்ல நேரத்தில இடம் பேர்ந்த வீட்டில நான் வந்து இருக்கிறது உனக்குத்தான் பிள்ளை கூடாது. இன்னொரு நாள் பாப்பம்."

அது இடம் பேராது என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். வாடை தொடங்க முன் மெக்கானிக் அண்ணையைக் கூப்பிட்டுச் சில்லு நாலையும் கழற்றச் சொன்னேன். தன்னால் வந்த பிழை என்று கூலி வாங்க மறுத்துவிட்டார். முருகைக்கல் அடுக்கி அதன் மேல் வானை இருத்தினோம். கல் வைத்துக் கட்டக் கூடாது என்றுதானே சொன்னார்கள், அடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

பிறகு மழை வந்தது. கிழக்கே பார்த்த கதவால் நேரே அடித்தது. இனி அதைத் திருப்பவும் ஏலாது. சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே இருந்து கொப்பி திருத்தினேன். மற்றப் பலகையில் மெத்தை நனையாமல் சுருட்டி வைத்திருந்தேன்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கையோடு கூட்டி வருவதென்று எழுவைதீவுக்குப் போனேன். கடலில் கடற்படையின் கெடுபிடி கூடியிருந்த காலம். அம்மா கரையில் வலைக்குப் பக்கத்தில் இருந்து நல்ல மீனைத் தெரிந்து பிரித்துக்கொண்டிருந்தா. அண்ணையின் சின்னவள் அம்மாவின் முதுகில் தொங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பெண்கள் அம்மா சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படிச் சிரிப்புக் காட்டுகிற ஆள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா விடுதிக்கு வந்து, விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்துவிட்டுப் போகிறவ.

"சில்லைக் கழட்டியாச்சம்மா. கல்லில இருத்தியாச்சு. இனி அசையாது."

"ஏன் கழட்டினனி? ஓடுற சாமானெல்லோ." உண்மையாகவே கவலைப்பட்டா. "பேந்து எங்கையும் போறதெண்டா?"

"நீங்கள் வந்து இருக்கத்தானே."

அம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டா. "வாறன் பிள்ளை. பெரியவளுக்குச் சாமத்தியச் சடங்கு வருது, அது முடியட்டும். பிறகு சின்னன். இவள் என்னோடதான் படுக்கிறவள், என்னை விட்டா அழுவாள். பாப்பம்."

சின்னவள் முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "அப்பாச்சி எங்கையும் வரா."

"பேசாமல் இரடி" என்றா அம்மா. ஆனால் கையைப் பின்னுக்கு விட்டு அவளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னா.

அன்று அந்தப் பத்தியில் அம்மாவின் பாயில் இருந்து சாப்பிட்டேன். அங்கேயிருந்து பார்த்தால் கடலும், வள்ளங்கள் வருவதும் போவதும், வாசலால் நுழைகிற ஒவ்வொரு ஆளும் தெரிந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அம்மாவிடம்தான் வந்தார்கள். அந்தப் பாயை இத்தனை வருசமாக நான் நின்றபடிதான் பார்த்திருந்தேன்.

பின்னேரம் வள்ளத்தில் ஏறும்போது அம்மா கருவாட்டுப் பொதி தந்தா. நான் கூப்பிடவில்லை, அவவும் சாட்டுச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கராச்சுக்குப் போனேன். மெக்கானிக் அண்ணை வேறொரு வாகனத்தின் அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"அண்ணை, அந்தச் சில்லுகளைத் திரும்பப் பூட்டித் தாறியளோ?"

"எங்க ரீச்சர் போகப் போறீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை. மழை அடிக்காத பக்கம் திருப்பி விடுவம்."

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். அம்மாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தது தெரிந்தது. கேட்காமல் வானைத் தூக்கும் ஜக்கை எடுத்துச் சைக்கிளில் கட்டினார். வளவில் அவர் ஒவ்வொரு சில்லாக ஏற்ற, நான் பக்கத்தில் குந்தியிருந்து நட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.