பூட்ஸ் வேண்டாம் என்றவர்

எங்கள் முந்திரிக் கம்பெனித் தலைமை குமாஸ்தா நெடிய மனிதர். பேசும்போது சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருப்பார். அவரையோ என்னையோ மேனேஜராக்க நினைத்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, மணமேல்குடி கடலோரத்தில் இருந்த படகு கிளப்புக்கு இருவரையும் வரச்சொன்னார். அங்கே என்ன உடுத்துவதென்று குமாஸ்தாவிடமே கேட்டேன்.

“வேட்டி, செருப்பே போதுங்க. சுதந்திரம் வந்தப்பறம் யாரு கேக்குறா? ஒங்க பூட்ஸ எனக்குக் கொஞ்சம் குடுங்க. கிளப்புக்குப் போறதுக்கு முந்தின நாளு கீரமங்கலத்துல ஒரு கல்யாணம்” என்று காலரைத் தடவினார்.

வேட்டிக்கு அனுமதியில்லை என்று கிளப் வாசலில் காவல்காரர் என்னை நிறுத்திவிட்டார். பின்னாலேயே கால்சட்டையில் குமாஸ்தா வந்தார்.

“இங்கிட்டே இருங்க. தொரைகிட்டச் சொல்லிட்டு வாரேன்.”

உள்ளே நடந்தவரின் காலில் என் பூட்ஸ். என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை.

மேனேஜரானதும் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார். அந்தப் பாலிஷை எதற்குப் போட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.