புளித்த லேகியம்

என் மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசவே முடியாது. விவசாயச் சங்கத்தார் நடத்திய முதியோர் பள்ளியில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து கற்றது. குத்தகைதாரர்களைப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்ததும், மிராசுதாரின் காரியக்காரர் முன்னால் கைநாட்டு வைக்க மாட்டேன், பேரை எழுதித்தான் பதிவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் வரப்பு வெட்டியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குத்தாலம் சந்தையில் ஒரு லேகியம் வாங்கினார். டப்பாவில் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. வலி பத்தே நாளில் போய்விட்டது, ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. விற்றவரிடமே போய்க் கேட்டார். அது நரம்புத் தளர்ச்சி, சுண்டைக்காய் அளவு தின்பதை நெல்லிக்காய் அளவாக்குங்கள் என்றாராம். மாமாவும் மனசாரக் கூட்டினார். கை இன்னும் ஆடியது. என் சிலேட்டை வாங்கித் தன் பேரை எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். பார்க்க எனக்கு அழுகை வரும்.

அழுகை வந்தால் மட்டும் ஒன்பது வயது நாக்கு சும்மா இருக்குமா? ஒரு மத்தியானம் புது டப்பாவைத் திறந்து ஒரு விரல் வழிக்கப் போனேன். டப்பா கவிழ்ந்து மொத்தமும் சாணிக் கரைசலில் விழுந்தது. அத்தைக்குக் கனத்த கை. பயத்தில் வெல்லம், புளி, சுக்கு மூன்றையும் பிசைந்து டப்பாவை நிரப்பி வைத்துவிட்டேன்.

கொஞ்சம் புளிக்கிறதே என்றார் மாமா. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும், பேசாமல் முழுங்குங்கள் என்றாள் அத்தை. இரண்டு மாதம் முழுங்கினார். கை மெல்ல மெல்ல அடங்கியது. பதிவு நாளன்று தாசில்தார் முன்னால் எழுத்தெழுத்தாகப் பேரை எழுதிவிட்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

"பாத்தியா பாப்பா, மருந்து கேட்டுருச்சு."

அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு டப்பா வாங்கிவந்தார். 

அடுத்த அறுவடைக்குள் அவரால் காப்பி டம்ளரைச் சிந்தாமல் தூக்க முடியவில்லை. தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். இதில் பாதரசம் ஏதும் கலந்திருக்குமோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், மாமாவைப் பார்த்து, "நடுவுல இதை நிறுத்திப் பாத்தீங்களா?" என்றார்.

"ஒரு நாளும் விட்டதில்லைங்க. இதைத் தின்னுதான் நடுவுல கை நல்லாவே ஆச்சு."

டாக்டர் டப்பாவை மூடி மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாமாவின் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. அத்தை அடிப்பாள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.