பன்னீர்செல்வத்தின் பயமறியாப் பரம்பரை

"எங்க பரம்பரையிலே பயந்த ஆளு பில்குல் கெடையாதுங்க, கிளார்க்கய்யா!" என்று பன்னீர்செல்வம் முழங்கும்போது, முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும், கண் வாசலில் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு அந்த இடம்தான் வேண்டும். என் வீட்டில் அது என் நாற்காலி. ஆறு மாதமாக நான் பாயில் உட்காருகிறேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இந்தக் கட்சால் தீவுக்கு வந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். இலங்கையில் ஒரு கலகத்தில், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் தகரக் கூரைமேல் கல்லாகப் பொழிந்தது. மகள் நீலாவதிக்கு அப்போது மூன்று வயது, இப்போது ஐந்து. கூரையில் எது விழுந்தாலும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். வெளியே வர அரைநாள் ஆகும்.

இதற்கான விஞ்ஞானக் காரணத்தைப் பன்னீர்செல்வம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். "ரத்தத்துல வர்றதுங்க. அம்மா வழி. மரகதத்தோட ஆளுங்க பல்லியப் பாத்தாலே ஓடிருவாங்க."

"ஆமா, செருப்போட படுக்கிறதும் எங்க ஆளுங்கதான்," என்பாள் மரகதம் அடுப்படியிலிருந்து.

"காலு குளிருதுடி!"

கட்சாலில். சித்திரை மாதத்தில்.

அடுத்தடுத்த வீடுகளான எங்கள் இரு கூரைகளுக்கும் மேலே நின்ற என் தென்னைகள் மூன்றையும் என்னைக் கேட்காமலே வெட்டிச் சாய்த்தார். காற்றோட்டத்துக்காம். மிஞ்சிய ஒற்றைப் பாக்கு மரத்துக்கு நானே காவல்.

மாதம் ஒருமுறை கப்பலில் வரும் டாக்டர், போன வாரம் நீலாவதியைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். நானும் போயிருந்தேன்.

"தாய் தகப்பன்ல யாருக்காவது இப்படி உண்டா? இருந்தா இங்கேயே வெச்சு மெதுவாத் தேத்திடலாம். இல்லேன்னா வேற கோளாறான்னு பார்க்க, கப்பல்ல போர்ட் பிளேருக்குத்தான் அனுப்பணும். மாசக்கணக்கா ஆகும்."

"எனக்கு இல்லீங்க," என்ற மரகதம் புருஷனைப் பார்த்தாள். "சொல்லுங்களேன். பிள்ளை கப்பல் தாங்காது."

"எங்க பரம்பரையில பில்குல் கெடையாது, டாக்டரய்யா."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அந்நேரம் பார்த்து என் பாக்கு மரத்துக் காய்ந்த மட்டை ஒன்று தகரத்தில் விழுந்தது. தடார்!

நிமிர்ந்தபோது பிள்ளையையும் காணோம், சுவரோர நாற்காலியும் காலி. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்த டாக்டர், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

உள்ளே, சுவரோரமாக, செருப்புக் காலை மடக்கிக்கொண்டு பன்னீர்செல்வம். நீலாவதி இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். அப்பாவின் காதை.