விரல்கள் தெளியும் வரை

ஜூன் 14, சனி. காலையில் ரேஷன் வாங்கினேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். மாலை ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனில், ஃபேக்டரிச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாஸ்டலில் இருக்கும் காது கேளாத மகளுக்குச் சைகையில் பேசிய வீடியோவை இணையத்தில் ஏற்றியிருப்பதாகச் சொன்னார். லிங்கை அனுப்பாமல், அதையே திறந்து திறந்து பார்த்தார்.

“இன்னா சார் யோசனை? அனுப்புங்க” என்றேன்.

“ஏத்துனா மொதல்ல மங்கலான காப்பிதான் ரெடியாவும் சார். தெளிவானது அப்புறந்தான். போன வாட்டி அவசரப்பட்டேன். ‘விரலே தெரியல, திட்டுறியா?’ன்னு எழுதினா. நாளைக்கு அவளுக்கு என்ட்ரன்ஸ் பரீட்சை.”

“அப்படி என்ன சொன்னீங்க?”

சுண்டுவிரலை மடக்கி நெஞ்சில் இருமுறை தட்டினார். “பயப்படாதன்னு. எங்க வூட்டு சைகை.”

ரயில் வந்தது. வழியில் போன் சிக்னல் போய்விடும் என்று அவர் ஏறவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபோதும் போனை முகத்தருகே பிடித்திருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு. எழுந்ததும், முதலில் சுண்டுவிரலை மடக்கி நெஞ்சில் தட்டிப் பார்த்தேன்.